கரைத்தீவில் ஒரு துண்டுக் காணி

புத்தளம் நகரிலிருந்து வடக்கே வனாத்தவில்லு ஊடாக எழுவன்குளம் செல்லும் வீதியில் போய், இடையில் மேற்குப் பக்கமாகத் திரும்பினால் கரைத்தீவு வருகிறது. பெயரைக் கேட்டதும் அம்பாறை மாவட்டத்துக் காரைதீவை நினைத்துவிட வேண்டாம். இது புத்தளம் மாவட்டத்துக் களப்போரக் கிராமம். வழியில் செம்மண்ணும் பற்றைக்காடும் கஜு மரங்களும். கரையை நெருங்க நெருங்க மண் வெளுத்துக்கொண்டு போகிறது. பிறகு தென்னை, பனை, கண்டல், உப்புக் காற்று. இன்னும் வடக்கே போனால் குதிரைமலை. அல்லி அரசி ஆண்ட இடமென்று அதைப் பற்றி ஊரில் கதை சொல்வார்கள். "அந்த மனுசியிட்ட ஆரும் காணி உறுதி கேட்டிருக்க மாட்டினம்" என்று எங்களோடு வந்த ஒருவர் சொன்னபோது வானில் இருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள்.

அன்று நாங்கள் போனது காணி பார்க்க. எங்கள் பெண்கள் குழுவில் ஒரு அக்கா. மன்னார் முசலிப் பகுதியைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது அவருக்கு 11 வயது. அந்த நாட்களில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட ஏறக்குறைய 75,000 பேரில் பெரும்பகுதியினர் புத்தளம், கற்பிட்டி, முந்தல், வனாத்தவில்லுப் பிரிவுகளில்தான் வந்து தங்கினார்கள். ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, ஓலைக் கொட்டிலிலேயே கலியாணம் முடித்து, கணவரையும் இழந்து, வெளிநாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாக இரண்டு தடவை போய்வந்த காசை அவர் சேர்த்து வைத்திருந்தார். குமர்ப் பிள்ளைகள் இரண்டு பேர். கரைத்தீவுப் பக்கம் மலிவாகக் காணி இருக்கிறது, இரண்டு நாளைக்குள் முற்பணம் கொடுக்க வேண்டும் என்று ஒரு தரகர் அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை?" என்று இவர்களைப் பார்த்துக் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முசலியில் சிலர் திரும்பியபோது அவர்களது காணி காடாகி இருந்தது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்தில் 2012இல் வனப் பகுதியாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட நிலத்துக்குள் தங்கள் பழைய காணியும் அகப்பட்டுவிட்டது என்று கண்டவர்களும் உண்டு. வேறு இடங்களில் காணியில் பிறர் குடியிருந்தார்கள். 10 வருடம் தடையின்றி ஆண்டவருக்கே உரிமை என்னும் ஆட்சியுரிமைச் சட்டம், துரத்தப்பட்டவருக்கு எதிராகவே திரும்பிவிடக் கூடியது. அதற்குப் பரிகாரமாக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. ஆனால் அது தந்த கால அவகாசம் 2 வருடம் மட்டுமே. அந்த 2 வருடத்துக்குள் அப்படி ஒரு சட்டம் இருப்பதே எத்தனை பெண்களுக்குத் தெரிந்திருக்கும்? எனக்கு இன்றும் கோபம் வருகிற விடயம் இது.

ஆகவே இங்கேயே ஒரு துண்டு வேண்டும் என்று அவர் முடிவு செய்ததில் எந்தத் தவறும் இல்லை. அது எந்தத் துண்டு என்பதுதான் கேள்வி.

தரகர் காட்டிய காணி பார்க்க அழகாகத்தான் இருந்தது. களப்பு கண்ணுக்குத் தெரிந்தது, காற்று வந்தது. அக்கா காணியைப் பார்க்கவில்லை. நேரே பக்கத்து வளவுக்குப் போய், அங்கே நின்ற வயதான உம்மாவிடம் ஒரு வாளி தண்ணீர் கேட்டு வாங்கி, வாயில் ஊற்றிப் பார்த்துத் துப்பினார். "குளிக்கவும் ஏலாது" என்றார். அந்த உம்மாவும் மறைக்கவில்லை. மாரியில் நல்ல தண்ணீர்தான், ஆவணி புரட்டாதியில் உவர் என்றார். கரையோர மண்ணில் மழைநீர் நன்னீராக மேலே மிதக்கும், உப்புநீர் அடியில் நிற்கும். ஆழமாகத் தோண்டினாலோ மோட்டர் போட்டு நிறைய இறைத்தாலோ அடியில் உள்ளது மேலே ஏறிவிடும். மழைக்காலத்தில் பார்த்துவிட்டு வாங்கினால் இது தெரியாது. கோடை முற்றியிருக்கும்போது ஒருமுறையும், மாரியில் வெள்ளம் எங்கே நிற்கிறது என்று இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். இரண்டு நாளில் முற்பணம் கேட்கும் தரகருக்கு இது பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

அடுத்தது பத்திரம். அவர் எங்களிடம் நீட்டியது கையெழுத்தும் பெருவிரல் அடையாளமும் உள்ள ஒரு கடதாசி. எங்கள் நாட்டில் 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதி ஒப்பமிடாத காணி விற்பனை செல்லாது. அந்தக் கடதாசியை நம்பிக் காசு கொடுத்தால் காணி கிடைக்காது, வழக்குத்தான் கிடைக்கும். விசாரித்துப் பார்த்ததில் அது அரச காணி, அனுமதிப் பத்திரத்தில் ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது என்று தெரிந்தது. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அதை விற்க முடியாது. உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுத்து, யார் யாருக்குக் கைமாறியது, ஈடு கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கடற்கரைக்குக் கிட்டவென்றால் இன்னொன்றும் உண்டு. உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப் பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவை. களப்போரங்களுக்கும் வரம்புகள் இருக்கின்றன.

2007இல் உலக வங்கிக் கடனுதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கியபோது இந்தப் பாடத்தைப் பல குடும்பங்கள் படித்தன. வீடு கட்டக் கட்டம் கட்டமாகப் பணம் கொடுத்தார்கள். ஆனால் காணி உங்களுடையது என்று காட்ட வேண்டும். 17 வருடம் ஒரு இடத்தில் குடியிருந்தும் கையில் ஒரு துண்டுப் பத்திரம் இல்லாதவர்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல.

அயல் என்றதும் நாங்கள் அயல் வீட்டுக்காரரைத்தான் நினைப்போம். கரைத்தீவுப் பக்கத்துக்கு இன்னொரு அயல் இருக்கிறது. அருவக்காடு. புத்தளம் சீமெந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அங்கேதான் பல காலமாக வெட்டப்பட்டது. கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புதுவருட நாளிலே, குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியதில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு தலைநகரின் குப்பையை அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் வேலை வேகமெடுத்தது. 2018இல் புத்தளத்து மக்கள், பெண்களும் பிள்ளைகளுமாக, மாதக் கணக்கில் வீதியில் இருந்து எதிர்த்தார்கள். 2019 ஓகஸ்டில் லொறிகள் வரத் தொடங்கின. அதே வருடம் ஒக்டோபரில் அங்கே ஒரு வெடிப்பும் நடந்தது.

மீதொட்டமுல்லையில் வீடு வாங்கியவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான். கொழும்பில் தொழிலுக்குக் கிட்ட, கையில் உள்ள காசுக்கு எட்டிய இடத்தில் வாங்கினார்கள். பிறகு குப்பை மலை வருடா வருடம் வளர்ந்து வீட்டுக் கூரைக்கு மேலாக நின்றது. பெரிய நகரத்தில் காணி விலை குறைவாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தரகர் சொல்லமாட்டார். பக்கத்துக் கடைக்காரியும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் தாயும் சொல்வார்கள். கொழும்பிலோ வத்தளையிலோ வீடு தேடும் வாசகிகள் அவர்களிடம் கேளுங்கள். நாங்கள் கரைத்தீவில் செய்ததும் அதுதான். லொறி எந்தப் பாதையால் போகிறது, காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அங்குள்ள பெண்கள் விரல் நீட்டிக் காட்டினார்கள்.

திரும்பி வரும்போது வானில் எழுந்த பேச்சு இதைவிடச் சிக்கலானது. அக்காவின் தம்பி, உறுதியைத் தன் பெயரில் எழுதினால் அலுவல் சுகம் என்று சொல்லியிருந்தார். நல்ல மனிதர்தான், அக்காவின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் மகளுக்குச் சீதனமாக வீடு எழுதுவது எங்கள் எல்லோருக்கும் பழக்கமான வழக்கம். முசலியில் இவர் பிறந்த வீடே உம்மாவின் சீதன வீடு. அகதியாக வந்து நிவாரண அட்டையில் குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரை எழுதத் தொடங்கிய பிறகுதான் வீடும் ஆணின் பெயருக்குப் போனது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தில்கூட, பின்னுரித்தாளர் பெயர் குறிப்பிடாமல் ஒருவர் இறந்தால் ஆண் பிள்ளைக்கே முதலிடம் என்றுதான் இருந்தது. அதைத் திருத்த 2022 வரை சென்றது.

"உம்மா உறுதியைச் சீலைத் தலைப்பில் முடிஞ்சு கொண்டு வரலாமெண்டு தேடினவ, நேரம் விடல்ல" என்று அக்கா சொன்னார். அதற்குப் பிறகு தம்பியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்தக் களப்போரக் காணியை அவர் வாங்கவில்லை. தரகருக்குக் கோபம். எட்டு மாதம் தேடி, புத்தளம் நகரத்துப் பக்கம் 12 பேர்ச் உறுதிக் காணி ஒன்று கிடைத்தது. களப்பு தெரியாது, காற்றும் குறைவு, விலை கூட. நகையில் ஒரு பகுதி போய்விட்டது. நொத்தாரிசு கணவரின் பெயரைக் கேட்டபோது மரணச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார். உறுதி அவர் பெயரில், சாட்சிக் கையெழுத்து தம்பியுடையது. இதுவரை ஒரு கிணறும் மூன்று அடிச் சுவரும் எழும்பியிருக்கின்றன. புரட்டாதியில் வந்து தண்ணீர் குடித்துப் பார்க்கும்படி எங்கள் குழுவுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார்.