மூட்டையோடு வரும் பூச்சி

பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குப் போவதன் புண்ணியத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்து, எட்டு லிங்கங்களையும் தரிசித்துவிட்டு, கால்கள் விண்விண்ணென்று தெறிக்க விடுதிக்குத் திரும்பினேன். படுத்தால் போதும் என்றிருந்தது, படுத்தேன்.

விளக்கை அணைத்த அரை மணியில் கழுத்தெல்லாம் அரிப்பு! விளக்கைப் போட்டுப் பார்த்தால், தலையணைத் தையலுக்குள் ஒரு குடும்பமே குடியிருந்தது. மூட்டைப் பூச்சி!

விடுதிக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊர் ஊராக ஜனங்கள் வந்து தங்கும் இடம். இந்தப் பூச்சிக்கோ சிறகில்லை. நம் பெட்டி படுக்கைதான் அதற்கு வாகனம். பெயரிலேயே 'மூட்டை' இருக்கிறதே! மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் சாகாது. டி.டி.டி. மருந்துக்கே 1950-களில் 'பெப்பே' காட்டிவிட்டது. நோய் எதையும் பரப்புவதாகத் தெரியவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

ஆகையால் சகோதரிகளே, அறைக்குள் போனதும் மெத்தையின் ஓரத் தையலையும் கட்டில் இடுக்குகளையும் முதலில் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் வேறு அறை கேளுங்கள். பையைக் கட்டில்மேல் வைக்கவே வைக்காதீர்கள்.

ஓர் இரவு தூக்கம் போனது எனக்குப் பெரிதல்ல. வீட்டில் தொட்டிலில் ஆறு மாதக் குழந்தை இருக்கிறதே என்பதுதான் கவலை. ஊர் திரும்பியதும் பையை வாசலிலேயே நிறுத்திவிட்டேன். துணிகளைக் கொதிக்கும் நீரில் போட்டு, பையின் தையல்களிலும் அதையே ஊற்றினேன். விபூதிப் பொட்டலம் மட்டும் நேரே பூஜை அறைக்குப் போயிற்று.