காந்தலுக்கு நடப்பது பற்றி

சேசு, மரி, சூசை

குன்னூர்

செலின் கண்ணு,

அத்தை எழுதுகிறேன். உனக்காகத் தினமும் செபமாலையில் ஒரு பத்துமணியைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறேன். போனில் பேசாமல் இந்தக் கிழவி எதற்குப் பேனாவும் தாளுமாக உட்கார்ந்தாள் என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் உன் அப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான். "ஸ்பீக்கர்ல போடுக்கா" என்கிறான். அவன் காதில் விழக்கூடாத சங்கதி ஒன்று உன்னிடம் சொல்ல இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உன்னைத் திட்டவேண்டும்.

நீயும் உன் நர்ஸ் தோழி மரிசெல்லும் பிலிப்பைன்ஸில் அவள் ஊர்ப் பக்கம் போஹோல் தீவில் கோவில் கோவிலாகச் சுற்றிய படங்கள் எல்லாம் வந்தன. ஒன்று விடாமல் பார்த்தேன். பக்லயோன் கோவில் சுவர் கடலில் வெட்டி எடுத்த பவளக் கல் என்று எழுதியிருந்தாய். விரலால் பெரிசாக்கிப் பார்த்தேன், கல் முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டை, ஓட்டைக்குள் பச்சைப் பாசி. லூன் ஊர்க் கோவில் 2013 அக்டோபரில் வந்த நிலநடுக்கத்தில் தரையோடு தரையாகப் போய், 2021-ல் மறுபடி எழுந்து நின்ற கதையை உன் அப்பனுக்கும் படித்துக் காட்டினேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. எல்லாம் சரிதான். கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாயே, "நம்ம ஊர்ல இப்படி ஒண்ணுமே இல்லையே அத்தை" என்று. நீலகிரியில் பிறந்து, அந்தோணியார் கோவில் படியில் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட பிள்ளை எழுதுகிற வரியாடி இது?

மே மாதம் மரிசெல்லைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறாயே, அந்தப் பிள்ளையிடமும் இதையே சொல்லி வைக்காதே. ஊட்டியில் ஸ்தேவான் கோவில் இருக்கிறது, மைசூர் ரோட்டில். அது நம் சபை இல்லை, சி.எஸ்.ஐ.காரர்களுடையது. ஆனாலும் உள்ளே போய்த் தலையைத் தூக்கிப் பார்க்கச் சொல். 1829 ஏப்ரல் 23-ல், இங்கிலாந்து ராஜாவின் பிறந்தநாள் என்று அடிக்கல் போட்டார் கவர்னர் லஷிங்டன். அடுத்த வருஷம் நவம்பரில் கல்கத்தா பிஷப்பே வந்து அபிஷேகம் செய்தார். மேலே தாங்கி நிற்கிற பெரிய பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. திப்புவை வீழ்த்தியது 1799-ல். முப்பது வருஷம் கழித்து அவர் வீட்டு மரத்தை மலைமேல் ஏற்றித் தங்கள் கோவிலுக்குக் கூரை போட்டார்கள். எனக்கு அந்தக் கோவிலில் செபிக்க வராது. பார்க்க வரும். பின்னால் கல்லறைத் தோட்டத்தில் சல்லிவன் துரையின் மனைவியும் மகளும் கிடக்கிறார்கள். ஊட்டியையே உண்டாக்கிய மனுஷன், கடைசியில் பெண்டாட்டி பிள்ளையை இந்த மண்ணில் விட்டுவிட்டுக் கப்பலேறிப் போனார். அங்கே மட்டும் நான் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்வேன். புரோட்டஸ்டண்டுக்காரர்களுக்குச் சொல்லலாமா என்று கேட்காதே. சொல்வேன்.

ஏரிப் பக்கம் தோமையார் கோவிலையும் காட்டு. அங்கே உயரமாக ஒரு தூண் நிற்கும். அது ஆடம் என்ற கவர்னருக்கு. வந்து ஆறு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, 1881 மே மாதம் இங்கேயே இறந்துபோனார். அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் குட்வினும் இருக்கிறார். விவேகானந்தர் பேசப் பேசச் சுருக்கெழுத்தில் எடுத்த இங்கிலீஷ்காரப் பையன். 1898 ஜூன் 2-ல் காய்ச்சலில் போனார். அவர் எழுதி வைக்காவிட்டால் சுவாமியின் பேச்சில் பாதி காற்றோடு போயிருக்கும் என்பார்கள். தூணைப் பார்க்கிறவர்கள் அவரைப் பார்ப்பதில்லை. நீ பார்.

கேத்தியில் ஜெர்மன்காரப் பாசல் மிஷன் கதை இருக்கிறது. 1846-ல் வந்து உட்கார்ந்தார்கள். முதல் படுகர் ஞானஸ்நானம் வாங்கியது 1858-ல். நடுவில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், பாஷை படித்தார்கள், மழையில் ஊர் ஊராக நடந்தார்கள். பன்னிரண்டு வருஷம்! நம் பங்குச் சாமியார் பன்னிரண்டு வாரம் ஆள் வராவிட்டால் சங்கத்தையே கலைத்துவிடுவார். அவரிடம் சொல்லிவிடாதே.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. மரிசெல் ஊரில் ஸ்பானியர்கள் வந்து குருசு நட்டு அதிகக் காலம் ஆகாதபோதே, நம் மலைக்கும் ஒரு சாமியார் ஏறி வந்தார். பெனிசியோ என்ற இத்தாலிக்காரர், சேசு சபை. 1603-ல். மலைமேல் தோமையார் காலத்துக் கிறிஸ்தவர்கள் வழி தவறிக் கிடக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கேரளத்துப் பக்கமிருந்து காடு ஏறினார். வந்து பார்த்தால் எருமை மேய்க்கிற தோடர்கள். பெண்களுக்குக் கண்ணாடியும் நூலும் கொடுத்துவிட்டு இறங்கிப் போய், பார்த்ததை எழுதி அனுப்பினார். நீலகிரியைப் பற்றி வெள்ளைக்காரர் எழுதிய முதல் எழுத்து அதுதான். தேடி வந்தது கிடைக்கவில்லை, ஆனால் மனுஷன் பொய் எழுதவில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். அவருக்கு இங்கே ஒரு கல் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காந்தல் குருசடி.

நீ சின்னப் பிள்ளையில் போயிருக்கிறாய், ஞாபகம் இருக்காது. அப்பாயி உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள், நீ அழுது கூப்பாடு போட்டாய். தமிழகத்தின் கல்வாரி என்பார்கள். 1930-களில் ஒரு பிரெஞ்சுச் சாமியார் தொடங்கி வைத்த பக்தி. ஆண்டவர் அறையுண்ட சிலுவையின் அருளிக்கம் அங்கே இருக்கிறது. முத்தி செய்ய வரிசை நகர்ந்து நகர்ந்து உன் முறை வரும்போது கண்ணை இடுக்கிப் பார்த்தாலும் கண்ணாடிக்குள் தெரிவது ஒரு சிராய்தான். ஸ்தேவான் கோவிலில் அரண்மனை உத்தரம், இங்கே ஒரு சிராய். அந்த உத்தரத்தைப் படம் எடுக்க வருகிறார்கள். இந்தச் சிராய்க்கு எஸ்டேட் எஸ்டேட்டாக, கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் கொழுந்து பறிக்கிற பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். யார் வேதம் என்ன என்று வரிசையில் ஒருவரும் கேட்பதில்லை. மரிசெல்லுக்கு எதைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும் இதைக் காட்டு.

திருவிழா மே 3. சிலுவையை எலேனம்மாள் எருசலேமில் கண்டெடுத்த பழைய திருநாள். ரோமாபுரியில் 1960-லேயே அந்தத் திருநாளைப் பொது நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள், செப்டம்பர் 14 மட்டும் போதும் என்று. காந்தல் ஜனம் விடவில்லை. செப்டம்பரில் இங்கே மழையும் குளிரும். மே என்றால் பள்ளிக்கூடம் லீவு, வெயில் உண்டு. இதற்கு வேதசாஸ்திரம் வேண்டாம், வானத்தைப் பார்த்தால் போதும்.

இப்போது உன் அப்பன் சங்கதி. 2020-ல் உனக்கு அங்கே வேலை பார்க்கிற இடத்தில் கொரோனா வந்து, ஆக்சிஜன் வைத்து, நாலு நாள் உன் போன் எடுபடாமல் கிடந்ததே, அப்போது அவன் ஒரு நேர்ச்சை வைத்தான். பிள்ளை பிழைத்து வந்தால் குன்னூரிலிருந்து காந்தல் வரைக்கும் செருப்பில்லாமல் நடந்து வருகிறேன் என்று. கோவிலெல்லாம் பூட்டிக் கிடந்த நேரம். பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். என்னிடம் மட்டும் சொன்னான். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கினான். அந்தச் சத்தியத்தை நான் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

நீ பிழைத்தாய். அவன்தான் இன்னும் நடக்கவில்லை. ஒரு வருஷம் தடை, ஒரு வருஷம் உன் தம்பி கல்யாணம், அப்புறம் இந்த இளைப்பு வந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு விசில் அடிக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் "நேர்ச்சையை முடிச்சிட்டு வரேன்" என்கிறான். ஊட்டி ரோடு அருவங்காடு, எல்லநள்ளி, கேத்தி, லவ்டேல் என்று இருபது கிலோமீட்டர் பக்கம் வரும். முக்கால்வாசி ஏற்றம், குன்னூரைவிட ஊட்டி கிட்டத்தட்ட நானூறு மீட்டர் உயரம். இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு, செருப்பில்லாமல், சீசன் நேரத்து வண்டி நெரிசலில்! நினைத்தாலே எனக்குத் தூக்கம் போகிறது. பங்குச் சாமியார் நேர்ச்சையை மாற்றிக் கொடுக்கலாம், திருச்சபையில் அதற்கு வழி உண்டு என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. "சாமியார்கிட்டயா நேர்ந்தேன்?" என்கிறான்.

அவன் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். அப்பாயி இலங்கையில் அட்டன் தோட்டத்தைவிட்டுக் கிளம்பும்போது ஒரு டிரங்குப் பெட்டிதான். மண்டபம் முகாமில் அதைத் திறந்து காட்டச் சொன்னார்கள். துணிக்கு மேலே கொச்சிக்கடை அந்தோணியார் படம். நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அறுபத்துநாலில் இரண்டு நாட்டுப் பெரிய மனுஷர்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், நம் சனம் சாமியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கடல் தாண்டியது. அந்தப் படம்தான் இப்போதும் உன் வீட்டுச் சுவரில் இருக்கிறது, ஓரமெல்லாம் செல்லரித்து. 2019 உயிர்ப்புப் பெருவிழாவன்று கொச்சிக்கடைக் கோவிலில் குண்டு வெடித்தபோது உன் அப்பன் படத்தைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினான். ஒரு வார்த்தை பேசவில்லை. லூன் கோவில் கதைக்கு அவன் ஏன் வாயடைத்துப் போனான் என்று இப்போது புரிகிறதா?

அதனால் நீ செய்ய வேண்டியது இது. மே பத்து, பதினைந்து என்று மலர்க் கண்காட்சியைக் கணக்குப் பண்ணி டிக்கெட் போடாதே. ஏப்ரல் கடைசியிலேயே வந்து சேர். மரிசெல் நாட்டில் அந்திப்போலோ மாதாவுக்கு மே முதல் தேதிக்கு முந்தின ராத்திரி மணிலாவிலிருந்து சனம் சனமாக நடந்து போவார்களாமே, அவளே சொன்னதாக நீ எழுதியிருந்தாய். 1626-ல் கப்பலில் வந்த மாதா, கடல் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவார்கள் என்றும் எழுதியிருந்தாய். அப்படிப்பட்ட பிள்ளைக்கு நேர்ச்சை என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டாம். நீங்கள் இருவரும் அவனோடு நடங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் நர்ஸ் இரண்டு பேர் பக்கத்தில் இருந்தால் எனக்கு நிம்மதி. கேத்தியிலிருந்து மட்டும் நடந்தால் போதும் என்று நீ சொன்னால் கேட்பான். நான் சொன்னால் கேட்கமாட்டான், நீ சொன்னால் கேட்பான். பிழைத்து வந்தவளே சொல்கிறாள் இல்லையா. அந்தோணியாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், சிலுவையும் கோபித்துக்கொள்ளாது. செருப்பை மட்டும் விடமாட்டான்; அதை நீ பேசாதே, நான் சாக்ஸ் போடவைக்கிறேன்.

ஒன்று முக்கியம். நடப்பதைக் காணொளி எடுத்துப் போடாதே. அவன் நேர்ச்சை ஊருக்குத் தெரியவேண்டியது இல்லை. நான் சொல்லித்தான் உனக்குத் தெரியும் என்றும் காட்டிக்கொள்ளாதே. "மரிசெல்லுக்கு நம்ம குருசடியைக் காட்டணும்பா, நடந்தே போகலாம்னு ஆசையா இருக்காம்" என்று தொடங்கு. அவன் முகத்தைப் பார். உடனே ஊன்றுகோல் தேடுவான்.

கோயம்புத்தூரிலிருந்து டாக்சி பிடித்தால் இ-பாஸ் எடுத்துவிட்டு ஏறு, 2024 மேயிலிருந்து வெளியூர் வண்டியை அது இல்லாமல் விடுவதில்லை. பஸ்ஸில் வந்தால் தேவையில்லை, நம் டி.என். 43 வண்டிக்கும் தேவையில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தால் செக்போஸ்டில் பிடுங்கிக்கொள்வார்கள், சில்வர் பாட்டில் கொண்டு வா. மரிசெல்லுக்கு ஸ்வெட்டர் இரண்டு என்னிடம் இருக்கிறது. அவளுக்கு ரயில் ஆசை இருந்தால் இப்போதே சொல், மே மாதத்து மலை ரயில் டிக்கெட் நினைத்த நேரத்தில் கிடைக்காது.

பால் பவுடர் டின் எல்லாம் தூக்கிக்கொண்டு வராதே, பழையதே அலமாரியில் கட்டியாகிக் கிடக்கிறது. கோடாலித் தைலம் பெரிய பாட்டில் இரண்டு மட்டும் கொண்டு வா, எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. டிக்கெட் போட்டதும் தேதியை எனக்கு மட்டும் எழுது. எழுதினால் போதும், போன் வேண்டாம்.

உன் அத்தை