கொல்லிமலை ஏறும்போது வண்டி ஏன் திணறுகிறது?

சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிப் பசங்களுக்கு லீவு விட்டால் போக்கிடம் இரண்டுதான். ஒன்று ஏற்காடு, இல்லையென்றால் கொல்லிமலை. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70! பின்னால் ஒருவரை உட்காரவைத்துப் பழைய பைக்கில் அந்த 70-ஐயும் ஏறும்போதுதான் இன்ஜினின் உண்மையான உடல்நிலை தெரியவரும்.

முதல் இருபது, முப்பது வளைவு ஜோராகப் போகும். அப்புறம் முறுக்கினாலும் இழுக்காது. சைலன்சரில் கரும்புகை, 'டொப் டொப்' என்று ஒரு சத்தம். உடனே "பெட்ரோல்ல கலப்படம்டா" என்று பங்க்காரர் தலை உருளும். பாவம் அவர்!

காரணம் காற்று. பெட்ரோல் 1 கிராம் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். நாமக்கல் சமவெளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரம். கொல்லிமலையின் மேல்தளம் 1000 முதல் 1300 மீட்டர். 1000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் பத்து சதவீதம் குறைந்துவிடும். கார்புரேட்டருக்கு இதெல்லாம் தெரியாது. அதன் ஜெட் துளை கீழே இருந்த அதே அளவுதான். காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. கலவை 'ரிச்' ஆகிவிடுகிறது.

ஆனால் ஒழுங்காக டியூன் செய்த வண்டி இதற்கெல்லாம் படுத்துவிடாது. கொஞ்சம் சக்தி குறையும், அவ்வளவுதான். கீழேயே ரிச்சாக ஓடிக்கொண்டிருந்த வண்டிதான் மேலே மூச்சுத் திணறும்.

இதைக் கண்டுபிடிக்க பிளக் ஸ்பேனர் ஒன்று போதும். ஓடி நின்ற வண்டியில், சூடு ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை டீத்தூள் நிறத்தில் இருந்தால் நலம். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் போதவில்லை, அதாவது 'லீன்'.

கரி என்றால் உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தூக்க வேண்டாம். முதலில் ஏர் பில்டர். கோழிப்பண்ணைத் தூசியும் மண்ரோட்டுப் புழுதியும் குடித்த பில்டர் அடைத்தாலே கலவை ரிச் ஆகும். அடுத்து சோக் முழுசாகத் திரும்புகிறதா, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று பாருங்கள். 2 ஸ்ட்ரோக் வண்டியானால் சைலன்சருக்குள் கரி அடைத்திருக்கிறதா என்பதையும். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் கார்புரேட்டர் பக்கம் போக வேண்டும்.

அங்கேயும் ஒரு விஷயம். வெளியே தெரியும் அந்தச் சின்ன ஏர் ஸ்க்ரூ, ஸ்லோ ஓட்டத்துக்கும் ஆரம்பக் கால்வாசி முறுக்கலுக்கும் மட்டும்தான். நடுமுறுக்கலுக்கு நீடில், முழு முறுக்கலுக்கு மெயின் ஜெட். மலையேற்றத்தில் இழுக்காத வண்டிக்கு ஸ்க்ரூவை மட்டும் திருகிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும்.

இப்போது ஆபத்தான பகுதிக்கு வருவோம். மலைமேல் இழுக்கவில்லையே என்றோ, "அண்ணே, மைலேஜ் வரணும்ணே" என்றோ நீடிலை இறக்கி, மெயின் ஜெட்டையும் சின்னதாக மாற்றுகிறவர்கள் உண்டு. மேலே சுகமாக ஓடும். அதே வண்டி கீழே இறங்கி, அடர்த்தியான காற்றில், சேலம் – நாமக்கல் நான்குவழிச் சாலையில் முழு முறுக்கலில் போனால்? கலவை லீன். இன்ஜின் கொதிக்கும். 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன ஆர்எக்ஸ் 100 இன்னும் இந்தப் பக்கம் எத்தனையோ வீட்டில் செல்லப்பிள்ளை. அது போன்ற 2 ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைக் கவ்வினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும். அந்த நொடியில் கிளட்சைப் பிடிக்கத் தோன்றினால் பிழைப்பு. இல்லையென்றால்...

லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கத்தான் இவ்வளவும்!

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 விதி வந்தபின் புதிய பைக்குகளில் பெரும்பாலும் பெட்ரோல் இன்ஜெக்ஷன்தான். சென்சார்கள் காற்றை அளந்து பெட்ரோலைத் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. எழுபதாவது வளைவிலும் அந்த வண்டிகள் இருமுவதில்லை. அப்பாவின் பழைய பைக்கை ஓட்டுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்குச் சென்சார் அவர்களுடைய காதும் அந்த பிளக்கும்தான்.

அடுத்த முறை காரவள்ளியில் டீ குடிக்க நிறுத்துவதற்கு முந்தின நாளே, வீட்டு வாசலில் அதை ஒருமுறை கழற்றிப் பாருங்களேன். என்ன நிறம்?