மருதமடுவில் ஒரு துணிவீடு

ஈழத்தின் வடமேற்கே, மன்னார் மறைமாவட்டத்தின் காட்டு நிலத்தின் நடுவே அமைந்துள்ளது மருதமடுத் திருப்பதி. ஆண்டின் பெரும்பகுதியில் அமைதி குடிகொண்டிருக்கும் அவ்விடம், ஆடி 2ஆம் நாள் பெருவிழாவிலும் ஆவணி 15ஆம் நாள் பெருவிழாவிலும் ஒரு மாநகரமாகவே மாறிவிடுகின்றது. அந்நகரத்தின் பெரும்பாலான வீடுகளுக்குச் சுவர் இல்லை. கூரையும் துணியே, கதவும் துணியே. பாலை, வீரை மரங்களின் நிழலில், யாழ்ப்பாணத்துக் குடும்பமும் சிலாபத்துக் குடும்பமும், வவுனியாக் குடும்பமும் நீர்கொழும்புக் குடும்பமும் அடுத்தடுத்துக் கூடாரமடித்துத் தங்கும் காட்சி, காண்போர் உள்ளத்தை உருக்குவதாகும்.

மடுவின் வரலாறே இடம்பெயர்ந்தோரின் வரலாறு அன்றோ? ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க மறை ஒடுக்கப்பட்ட காலத்தில், மாந்தையிலிருந்த அன்னையின் திருச்சொரூபத்தை விசுவாசிகள் 1670இல் காட்டு வழியே சுமந்து வந்து, மருதமடுவில் நிலைநிறுத்தினர் என்பது மரபு. இன்றுள்ள ஆலயத்திற்கு 1872இல் ஆயர் பொஞ்சீன் ஆண்டகை அடிக்கல் நாட்டினார். 1924 ஆடி 2இல் அன்னைக்கு முடிசூட்டப்பட்டது. பின்னர் உள்நாட்டுப் போரின் ஆண்டுகளில், யாத்திரிகர் தங்கிய அதே மரநிழலில் வீடிழந்த மக்கள் ஆயிரக்கணக்கில் படங்கின்கீழ் வாழ்ந்தனர். 1999 கார்த்திகையில் எறிகணை வீழ்ந்து, தஞ்சம் புகுந்திருந்தோர் பலர் அங்கேயே மாண்டனர். 2008இல் அன்னையின் சொரூபமும் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, அவ்வாண்டிலேயே திரும்பி வந்தது. 2015 தை 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் அம்மண்ணில் நின்று செபித்தார். ஆகவே மடுவில் கூடாரம் அடிப்பவர் எவரும், அது வெறும் உல்லாசத்திற்குரிய இடமன்று என்பதை மறத்தலாகாது.

எனினும் பக்தி மட்டும் மழையையும் வெயிலையும் தடுத்துவிடாது. கைக்குழந்தையோடும் முதிய தாயாரோடும் செல்லும் குடும்பத்தார், முன்யோசனையோடு புறப்படுதல் அவர்கள் கடமையாகும்.

முன்னாளில் கிடுகும் காட்டுத்தடியும் கொண்டு கொட்டில் அமைத்தனர். இன்று கடைகளில் ஆயத்தக் கூடாரங்கள் கிடைக்கின்றன. “ஆறு பேருக்கானது” என்று உறையில் அச்சிட்டிருந்தால், ஒருவர்க்கு ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் அகலம் என்ற கணக்கில், ஆறு பேர் நெருக்கமாகப் படுக்கலாம் என்பதே அதன் பொருள். பெட்டிகளுக்கும் அரிசி மூட்டைக்கும் குழந்தையின் ஏணைக்கும் அக்கணக்கில் இடமில்லை. எனவே ஆறு பேருள்ள குடும்பம் எட்டுப் பேருக்கான கூடாரத்தை நாடுவதே அறிவுடைமை. முழங்கால் நோவுள்ள பாட்டியார் குனியாமல் நுழையத்தக்க உயரமும் அதற்கு வேண்டும். பெண்கள் உடைமாற்ற நடுவே ஒரு திரை இருத்தல் நன்று.

துணியிலும் தெரிவு உண்டு. பருத்திக் கித்தான் கனமானது. ஆனால் காற்றை உள்ளே விடும், பகலில் வெப்பத்தைக் குறைக்கும். புதுக் கித்தானை ஒருமுறை நனைத்து உலர்த்தினால், நூல் பருத்துத் தையல் துளைகள் அடைபடும். செயற்கை இழைத் துணி இலேசானது. பேருந்தில் செல்வோர்க்கு ஏற்றது. ஆயினும் வெயிலில் உள்ளே வெந்துவிடும். நாட்பட்ட வெயிலில் இழையும் நலிந்துவிடும். மடுவின் இரு பெருவிழாக்களும் வன்னியின் வறண்ட காலத்தில் வருவன. ஆதலால் நீர்காப்பைக் காட்டிலும் எதிரெதிரான இரு வாயில்களையும் வலைச் சாளரங்களையுமே முதலில் நோக்குக. உள்துணி, வெளித்துணி என இரண்டு அடுக்கு இருந்தால் இரண்டிற்கும் இடைப்பட்ட காற்று வெப்பத்தைத் தணிக்கும். இதுவும் புதுமையன்று. விடுதலைப் பயண நூல் விவரிக்கும் சந்திப்புக் கூடாரத்திலும் மெல்லிய திரைகளின்மேல் ஆட்டுமயிர்த் திரைகளும், அதன்மேல் தோல் விரிப்புகளும் இருந்தன அல்லவா?

வாங்கிய கூடாரத்தை வீட்டு முற்றத்தில் ஒருமுறை அடித்துப் பார்த்தல் இன்றியமையாதது. முளை குறைந்திருப்பதும் கம்பு பொருந்தாமலிருப்பதும் அங்கே தெரியட்டும்; இருள் சூழ்ந்த காட்டில் தெரிய வேண்டாம்.

இடம் தேர்கையில் மேலே நோக்குக. காய்ந்த கிளையின்கீழ் கூடாரம் வேண்டா. கீழே நோக்குக, புற்றும், நீரோடிய தடமும் விலக்கத்தக்கன. கோடையில் வரண்டிருக்கும் பள்ளம் ஒரே மழையில் வாய்க்காலாகும். ஆடி, ஆவணியில் சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசுமாதலால், தலைவாயில் வடகிழக்கை நோக்கியிருப்பின் புழுதி உட்புகாது. முளையைத் தலைப்பாகம் கூடாரத்திற்கு அப்பால் சாயும்படி அறைக. வன்னியின் இறுகிய தரையில் மரமுளை பிளந்துவிடும். இரும்பு முளையே தக்கது. பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி முளையைப் பிடுங்கும். மாலையில் சற்றுத் தளர்த்துக. கயிறுகளில் வெள்ளைத் துணி கட்டிவிட்டால், இரவில் ஓடித் திரியும் சிறுவர் இடறி விழார்.

மிகப் பெரிய ஆபத்து நெருப்பே. கூடாரத்தினுள் அடுப்பு மூட்டுதல், மெழுகுதிரி ஏற்றுதல், அரிக்கன் லாந்தரைத் துணியருகே தொங்கவிடுதல் ஆகிய யாவும் உயிரோடு விளையாடுவதாகும். செயற்கைத் துணி நொடியில் உருகிப் பற்றும். கரியடுப்பை உள்ளே வைத்து உறங்குவதும் கேடு. அதன் நச்சு வாயுவிற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. சமையலைக் காற்று அடித்துச் செல்லும் திசையில், எட்டத்தில் வைத்துக்கொள்க. உறங்குமுன் தணலில் நீரூற்றுக. மணிகளின் ஒளியும் அன்னையின் பெயரும் போதுமென்று விளக்கை எவரும் அணைத்துவிட வேண்டுவதில்லை. மின்கல விளக்கொன்று போதும்.

மடுவில் தண்ணீர் அருமையானது. குழாயடியில் நாம் வீணாக்கும் ஒவ்வொரு வாளியும் வேறொரு தாயின் பானையிலிருந்து எடுத்ததாகும். எஞ்சிய உணவை வெளியே கொட்டிக் காட்டு விலங்குகளை அழைத்தலும் தகாது.

இத்தனைக்கும் மேலான ஒன்று உண்டு. வசதியான பெரிய கூடாரம் நம்மை அயலாரிடமிருந்து பிரித்துவிடுமோ என்பதே அது. முன்பு கொட்டில்களுக்கிடையே அகப்பையும் உப்பும் நெருப்பும் கைமாறின. தமிழ் அறியாத அக்காவும் சிங்களம் அறியாத அம்மாவும் ஒரே விறகைப் பகிர்ந்தனர். இன்று அகன்ற கூடாரமடிப்பவர் ஒலிபெருக்கியும் உடன்கொண்டு, கயிறுகளை நாற்புறமும் நீட்டி, பின்னால் வரும் ஏழைக் குடும்பத்திற்கு நிழலின்றிச் செய்வாராயின், அவர் யாத்திரிகரல்லர். காட்டைக் கைப்பற்ற வந்தவர். தேவைக்கு மேற்பட்ட நிலத்தை வளைக்காதிருத்தலும், ஒரு நாள் இரவேனும் இடமற்ற முதியவர் ஒருவரை உள்ளே அழைத்தலும் செபமாலைக்கு நிகரான பக்தியன்றோ? ஆபிரகாம் மம்ரே மரங்களினடியில் தம் கூடார வாயிலில் அமர்ந்திருந்தபோதே விருந்தினரைக் கண்டு எழுந்தோடினார்.

திருவிழா முடிந்ததும் கூடாரத்தை நன்கு உலர்த்தி மடிக்க வேண்டும். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் தின்றுவிடும். முளைகளை எண்ணிப் பைக்குள் இடுக. குப்பையைத் திரட்டி உரிய இடத்தில் சேர்த்திடுக.

கொரிந்து நகரில் அக்கில்லா, பிரிஸ்கில்லாவோடு கூடாரத் தொழில் செய்தே புனித பவுல் தம் உணவை ஈட்டினார். வார்த்தை நம்மிடையே குடிகொண்டதைக் கூறுமிடத்தில் புனித யோவான் ஆண்ட கிரேக்கச் சொல்லும் கூடாரமடித்தலையே குறிக்கும். கடவுளே தெரிந்துகொண்ட இல்லம் அது. பெற்றோரே, அடுத்த ஆவணியில் உங்கள் மக்களின் கையில் ஒரு முளையையும் சுத்தியலையும் கொடுங்கள். வீடு என்பது சுவரால் ஆவதன்று, ஒருவர்க்கொருவர் இடம் விடுவதால் ஆவது என்பதை அன்னையின் காட்டிலே அவர்கள் கற்றுக்கொள்ளட்டும்.