பேசிக்கொண்டே நடக்கிற வேகம்

ஜனவரி 6
ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு நிமிட நடைச் சோதனை. முப்பது மீட்டர் தூரம், இரண்டு முனையிலும் ஒரு பிளாஸ்டிக் கூம்பு. போய்ப் போய்த் திரும்ப வேண்டும். மூச்சு வாங்கினால் நிற்கலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. முடிந்ததும் டாக்டர் எக்கோ ரிப்போர்ட்டை விரித்தார். இதயம் பம்ப் பண்ணுகிற அளவு 35 சதவீதம். "நல்லா இருக்கிற இதயத்துக்கே அறுபது சொச்சம்தாம்மா, நூறு கிடையாது. மாத்திரை பிடிச்சிருக்கு, வீக்கம் வடிஞ்சாச்சு. இனிமே தினமும் நடங்க. பத்து நிமிஷத்துல ஆரம்பிச்சு, மெல்ல அரைமணிக்குக் கொண்டு வாங்க." ஆனால் 35 என்று கேட்டதுமே மகனுக்கு முகம் வாடிவிட்டது.

ஜனவரி 8
தெப்பக்குளத்தின் வடகரையில் பாதி தூரம், மருமகளோடு. திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய குளம். ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல். அது இப்போதைக்கு வேண்டாம். பேச்சு வர வேண்டும், பாட்டு வரக்கூடாது. அதுதான் டாக்டர் சொன்ன வேகம். நாடியை எண்ணிப் பயனில்லை, பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பை ஏறவிடாது. அதனால் மருமகள் வழிநெடுக ஏதாவது கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு வாக்கியத்தை நடுவில் நிறுத்தி நான் மூச்சு இழுத்ததும் வேகத்தைக் குறைத்தாள். கடைசியில் சட்டென்று நிற்காமல் தளர்நடை. சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும்.

ஜனவரி 11
"அத்தை, நீங்க உட்காருங்க, நான் எடுத்துத் தர்றேன்." ஒரு சொம்புத் தண்ணீருக்கும் இதே பேச்சு. மருமகளின் அன்பு எனக்குத் தெரியும். ஆனால் இதய நோயாளி என்றாலே கட்டில் என்று நம் வீடுகளில் முடிவுகட்டி விடுகிறோம். ஒரு காலத்தில் டாக்டர்களும் அப்படித்தான் படுக்கவைத்தார்கள். பிறகு அமெரிக்கா, கனடா, பிரான்ஸில் என்னைப் போன்ற 2,331 பேரை வைத்துப் பார்த்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். உடற்பயிற்சி ஆபத்தில்லை, ஆயுள் விஷயத்தில் பலன் பெரிதாக இல்லை, அன்றாட வாழ்க்கையில் தெம்பு கூடியது. எனக்கு அந்தத் தெம்பு போதும். படுத்தே கிடந்ததில் தொடைச் சதையும் கெண்டைச் சதையும் வற்றிவிட்டன. மாடிப்படியில் மூச்சு வாங்குவதில் அவற்றுக்கும் பங்குண்டு. இதை மகனிடமும் சொன்னேன், பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொன்னேன். எல்லா வீட்டுக்கும் தெரிய வேண்டும்.

ஜனவரி 13
நடை. நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி. எழும்போது மூச்சை அடக்கக்கூடாது.

ஜனவரி 17
காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடாமல் எடை பார்த்தேன். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏற்றம். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து, நிரம்பி வர நேரமாகிறது. சேர்ந்தது கொழுப்பு இல்லை, நீர். பொங்கல் விருந்தில் அப்பளம், வடை, ஊறுகாய் என்று உப்பு எந்த வழியிலும் வரும். இன்று நடை கிடையாது. டாக்டருக்குப் போன் செய்தோம். நீர் மாத்திரையைக் கூட்டச் சொல்லி, இறங்காவிட்டால் உடனே வரச் சொன்னார். காலை உயர்த்தி வைத்துப் படுத்திருக்கிறேன்.

ஜனவரி 21
எடை பழைய அளவுக்கு வந்துவிட்டது. டாக்டர் சரி என்றார். விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், மறுபடி பத்து நிமிடம்தான்.

ஜனவரி 28
தெப்பத் திருவிழா வேலை நடக்கிறது, கரையெல்லாம் கூட்டம். வடகரை முழுக்க நடந்தேன். நடுவில் ஒருமுறை கல்லில் உட்கார்ந்து எழுந்தேன். மாலையில் கொடியில் காய்ந்த துணியை நானே எடுத்து மடித்தேன். மருமகள் பார்த்தாள், வாங்க வரவில்லை.

மாசி, பங்குனி வெயிலை நினைத்துத்தான் கவலை. நீர் மாத்திரை ஒரு பக்கம், வியர்வை ஒரு பக்கம், குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. இப்போது தரும் ஒன்றரை லிட்டர் கோடைக்குப் போதுமா, நடையை ஐந்தரை மணிக்கே வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்த செக்கப்பில் கேட்க வேண்டும். மகன் போனில் குறித்துக்கொண்டான்.