விடுபட்ட பெயர்

வம்சாவளி என்றாலே நம்மில் பலருக்குக் கொட்டாவி வந்துவிடும். மத்தேயு சுவிசேஷத்தைத் திறப்பவர்கள், இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று போகிற முதல் பக்கத்தைக் கண்டதும் இரண்டாம் அத்தியாயத்துக்குத் தாவிவிடுவார்கள். நான் கிறிஸ்தவனல்லன், ஆனாலும் கதை எழுதுகிறவனுக்கு இண்டு இடுக்குகளில் எட்டிப் பார்க்கிற குணம் போகாதே!

ஆபிரகாம் தொடங்கி மூன்று பதினான்கு தலைமுறைகள். ஆண்களின் அந்த வரிசையில் நடுநடுவே நான்கு பெண்கள். சாராள், ரெபெக்காள் போன்ற பெரிய வீட்டுப் பெண்களா? இல்லை. முக்காடிட்டு வழியோரத்தில் உட்கார்ந்து மாமனாரிடமே தன் நியாயத்தைப் பெற்ற தாமார். எரிகோ நகரத்து வேசி ராகாப். வயலில் கதிர் பொறுக்கிய மோவாபியப் பெண் ரூத். நான்காமவளுக்குப் பெயர்கூட இல்லை. உரியாவின் மனைவி, அவ்வளவுதான்.

நம் பக்கத்து வழக்கம் வேறு. காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் பிராகாரச் சுவரில் பல்லவர் வம்சம் பிரம்மாவிலிருந்து சிற்பமாக இறங்கி வருகிறது. அங்கீரசர், பிருகஸ்பதி, துரோணர், அசுவத்தாமன் என்று எல்லாம் பெரிய இடம். நெசவாளரும் சளைத்தவர்களல்ல. தேவாங்கருக்குத் தேவலர், செங்குந்தருக்கு வீரபாகு.

1971இல் பெரு நாட்டுப் பாதிரியார் குஸ்தாவோ குத்தியேரஸ் விடுதலை இறையியல் நூலை வெளியிட்டார். வேதத்தை ஏழையின் பக்கம் நின்று படிக்கச் சொன்னவர் அவர். 1981இல் பெங்களூரில் ஓர் உரையால் தலித் இறையியலுக்கு வழி திறந்தவர் அர்விந்த் நிர்மல். பின்னர் சென்னை குருகுல இறையியல் கல்லூரியில் பணியாற்றினார். தாமாரையும் ராகாபையும் சுட்டிக்காட்டி, ஒதுக்கப்பட்டவர்களின் வழியில் வந்தவர்தான் இயேசு என்று வாதித்தார் அவர். மத்தேயுவுக்கு அந்த நோக்கம் இருந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். தாவீதின் அரச வம்சத்தை நாட்டுவதே அவர் கவலை. எபிரேய எழுத்துக் கணக்கில் தாவீது என்ற பெயரின் கூட்டுத்தொகைகூடப் பதினான்கு. ஆயினும் அரச வம்சத்தை நாட்ட வந்தவர் அந்தப் பெண்களை மறைக்கவில்லையே!

இதை நான் சும்மா எழுதவில்லை. வாலாஜாபாத்தில் எங்களுடையது தறிக்கார வீடு. ஒரு கல்யாணத்துக்காகப் பெரியப்பா வம்சாவளி அச்சடித்தார். கொள்ளுப்பாட்டனாருக்கு நேரே முதல் தாரத்தின் பெயர் மட்டும் இருந்தது. அவளுக்குப் பிள்ளையே இல்லை. என் பாட்டனாரைப் பெற்றவள், பாலாற்றுக்கு அக்கரையிலிருந்து வந்து அந்த வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்த வேறு சாதிப் பெண்.

“அதெல்லாம் எதுக்குப்பா இப்போ? நாலு பேர் படிக்கிற காகிதம்” என்றார் பெரியப்பா.

“அவங்க இல்லேன்னா நீங்களும் இல்லே, நானும் இல்லே, பெரியப்பா” என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

என் பிரதியில் நானே எழுதிக்கொள்ளலாமென்று, எண்பது தாண்டிய அத்தையிடம் பெயரைக் கேட்டேன். அத்தை வெகுநேரம் யோசித்தாள்.

“அக்கரைக்காரின்னுதாம்பா எல்லாரும் கூப்பிடுவாங்களாம்” என்றாள்.