டீக்கு முன்னால் எள்ளுருண்டை!

‘ரத்தம் ஊற என்ன சாப்பிடணும்?’ கல்லூரிப் பெண்களிடம் இதைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்... பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை. ஆனால், காலையில் சாப்பிடாமல் பஸ் பிடித்து, இடைவேளையில் டீ, பிஸ்கட்டோடு சமாளிப்பவர்களும் அவர்களேதான். மதியம் தலை சுற்றினால், ‘நேத்து சரியா தூங்கலப்பா’ என்பார்கள்.

தூக்கம் மட்டும்தான் காரணமா? தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21), தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 53 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, இருவரில் ஒருவருக்கு!

மாதவிடாயில் ரத்தம் வெளியேறுவதால், பெண்களுக்கு இரும்புச்சத்து கூடுதலாகத் தேவை. ஐ.சி.எம்.ஆர் 2020 பரிந்துரைப்படி பெண்ணுக்கு தினமும் 29 மில்லிகிராம், ஆணுக்கு 19.

பீட்ரூட்டின் சிவப்பு வெறும் நிறமிதான். 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. அதே அளவு எள்ளில் சுமார் 14, கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இருக்கிறது. இரண்டுமே விழுப்புரம் பக்கம் விளைபவை. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே உண்டு. எள், நிலக்கடலை ரகங்களின் பெயரில் வரும் ‘டி.எம்.வி’ என்பது இந்த ஊரைத்தான் குறிக்கிறது. ஆக, எள்ளுருண்டையும் கம்பங்கூழும் இங்கே தேடி அலைய வேண்டிய பொருள்கள் அல்ல.

சாப்பிட்டால் மட்டும் போதாது, உடம்பில் சேரவும் வேண்டும். தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யாவில் உள்ள வைட்டமின் சி அதைக் கூட்டும். சாப்பாட்டோடு குடிக்கும் டீயும் காபியும் அதைக் குறைக்கும். அதனால் டீயை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடலாம். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரலும் மீனும் கைகொடுக்கும்.

பள்ளியில் வாரம் ஒருமுறை டீச்சர் கொடுத்த நீல மாத்திரை நினைவிருக்கிறதா? அது இரும்புச்சத்து மாத்திரைதான். கல்லூரிக்கு வந்த பிறகு, விழுங்கினாயா என்று கேட்க ஆள் இல்லை. அதற்காக நாமாகக் கடையில் வாங்கி விழுங்கவும் கூடாது. அரசு மருத்துவமனையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை போதும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால், டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்து மருந்து தருவார்.

போனில் சார்ஜ் எத்தனை சதவிகிதம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஹீமோகுளோபின் எவ்வளவு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?